நாலு விரல் உயரத்தில் பூங்காவனம்

நெடும்பாக்கத்தில் ஒரு பொம்பளை மாசக்கணக்கில் தரையில் கால் படாமல் நடமாடினாள் என்று சொன்னால் நம்பாதவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். உச்சி வெயிலில் கடைக்கு வந்து, மேல்தட்டில் இருக்கிற செருப்பு ஜோடியெல்லாம் கீழே இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் போட்டு நடந்து பார்த்துவிட்டு, "அப்புறமா வர்றேன்" என்று வெறுங்கையோடு போகிற அதே கூட்டம்தான். அவர்கள் போகட்டும். மற்றவர்கள் உட்காருங்கள், சொல்கிறேன்.

என் பேர் கன்னியப்பன். திரௌபதி அம்மன் கோயில் மைதானத்துக்கு நேர் எதிரில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். கடை முகப்பில் பாதியைத் துரைக்கண்ணு என்கிற தையல்காரனுக்கு விட்டிருக்கிறேன். தெருவுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் தைப்பான், தெருவைப் பார்த்தால் தையல் கோணிவிடுமாம். அவன் பெண்டாட்டிதான் பூங்காவனம். மதியத்தில் தூக்குவாளியில் அவனுக்குச் சோறு கொண்டு வருவாள், அவள் தெருமுனை திரும்பும்போதே அந்தத் தேய்ந்த ரப்பர் செருப்பின் சளப் சளப்பைக் கேட்டு, தலையைத் திருப்பாமலே "வந்துட்டியா?" என்பான். "வந்துட்டேன்" என்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதற்கு மேல் அவர்கள் கொஞ்சிக் குலாவி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நாளாவது இது தவறியும் நான் பார்த்ததில்லை.

பூங்காவனத்துக்கு ஜெயவேலு ரைஸ் மில் களத்தில் வேலை. அவித்த நெல்லை ஆவி பறக்கக் களத்தில் கொட்டிப் பரப்புவார்கள், பெண்கள் வரிசையாக நின்று, வெறுங்காலை நெல்லுக்குள் செருகி இழுத்துக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவார்கள், போய்த் திரும்புவார்கள், திரும்பிப் போவார்கள், அப்படிப் பொழுது சாய்கிறவரை காலால் கிளறிக் கிளறித்தான் நெல் காயும், அப்புறம்தான் நீங்களும் நானும் அதைச் சாப்பிட்டுவிட்டு அரிசி கொஞ்சம் பழுப்பாக இருக்கிறதே என்று குறை சொல்வோம். வேலை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து குதிகால் தேய்ப்பார்கள். அதற்கென்று ஒரு கருங்கல் சில்லு உண்டு, ஊருக்கே ஒரே கல். ஒருத்தி தேய்த்து அலசாமல் அடுத்தவள் கையில் கொடுப்பாள், அவள் தேய்த்து அதற்கடுத்தவளிடம் கொடுப்பாள். வேண்டாம் என்று யாராவது சொன்னால் போச்சு, "மகாராணிக்குக் குதிகால் பன்னீர்ல ஊறுதாம்டி" என்று அடுத்த வாரம் வரைக்கும் கிண்டல்தான்.

அந்தக் கல்லில் தேய்த்த கால்களில் பூங்காவனத்தின் கால் மட்டும் என்ன பாவம் செய்ததோ, வலது குதிகாலில் பயறு அளவுக்கு ஒன்று முளைத்தது. நடுவில் கரும்புள்ளிகள். கால் ஆணி என்றார்கள். எருக்கம்பால் வை என்றாள் ஒருத்தி, வைத்தாள், சுற்றியிருந்த நல்ல தோல் வெந்தது. சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்துப் பூசச் சொன்னாள் இன்னொருத்தி. பிளேடால் சீவிப் பார்த்தாள், ரத்தம் கொட்டி நின்றது, ஒன்று மூன்றானது. கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டால் உப்பு கரைகிற மாதிரி ஆணியும் கரையும் என்று போடச் சொன்னார்கள். உப்பு கரைந்தது, மிளகு மிதந்தது, ஆணி இருந்த இடத்திலேயே சௌக்கியமாக இருந்தது, போதாததற்கு இடது காலுக்கும் குடிபோனது. ஊரில் அவளுக்கு வைத்தியம் சொல்லாத ஒரே ஆள் நான்தான். செருப்பு மட்டும்தான் விற்றேன்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலையில், களத்துக்குக் கிளம்பி வாசல்படி இறங்கியவளுக்கு வலது காலை ஊன்ற முடியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டாள். உடம்பு பாரம் மொத்தமும் இடது காலில் இறங்கியது, அதுவும் பொறுக்க முடியாமல் வலித்தது. அதையும் தூக்கிக்கொண்டாள். நடந்தது அவ்வளவுதான். தரைக்கு நாலு விரல் மேலே நின்றாள், நேரமாகிவிட்டதே என்று அப்படியே வேலைக்குப் போனாள்.

களத்தில் யாரும் மயக்கம் போட்டு விழவில்லை. ஆவியில் முதலில் ஒருவரும் கவனிக்கவே இல்லை. பூங்காவனம் போன வரிசையில் மட்டும் நெல் கிளறாமல் கிடக்கிறதே என்று பார்க்க வந்த முதலாளி ஜெயவேலு, குனிந்து அவள் பாதத்துக்கும் நெல்லுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"கால ஊனவே முடியலைங்க."

"அதுக்குன்னு இப்படி நின்னா? நெல்லு நீ மேல போறதப் பார்த்தே காஞ்சிடுமா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். அவளைக் களத்திலிருந்து எடுத்துக் காக்கா விரட்டப் போட்டார்.

ஊரும் அவளை எப்படிப் பயன்படுத்துவது என்று சீக்கிரமே கண்டுபிடித்துக்கொண்டது. சிமெண்டுத் தரை போட்டுவிட்டு நடுவில் கரண்டியை மறந்துவிட்ட கொத்தனார்கள் அவளைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொன்னார்கள். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போட்டவர்கள், பால் பாக்கெட்டை அவள் கையில் கொடுத்தனுப்பினால் கோலம் கலையாது என்று தெரிந்துகொண்டார்கள். பிள்ளைகள் அவள் காலுக்கடியில் பந்தை உருட்டி விளையாடினார்கள். ஆனாலும் அவளுடையது என்ன ஜாதி மிதப்பு என்பதை முடிவு செய்யாமல் ஊருக்குத் தூக்கம் வரவில்லை. பேய்க்குத்தான் கால் பாவாது என்றது ஒரு கட்சி. சாமிக்கும்தான் பாவாது என்றது இன்னொரு கட்சி. பேய் என்றால் மந்திரவாதிக்குச் செலவு, சாமி என்றால் உண்டியலுக்கு வரவு என்று தர்மகர்த்தா நாகப்பன் யோசித்து, அம்மன்தான் இறங்கியிருக்கிறாள் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து அவளைத் 'தாயி' என்று கூப்பிட ஆரம்பித்தார். அதற்கு முன்னால் "இந்தாம்மே" என்றுதான் கூப்பிடுவார்.

ஊரே கொண்டாடியதில் ஒருத்தன் மட்டும் நொந்துபோனான். தூக்குவாளியோடு அவள் சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பாள், தற்செயலாகத் திரும்புகிற துரைக்கண்ணு "ஐயோ!" என்று அலறுவான். ஒரு தரம் ஊசி கட்டைவிரலில் இறங்கிவிட்டது. அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவள் வாளியை வைத்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

"கன்னியப்பண்ணே, நான் வர்றது எனக்கே கேக்கலண்ணே. வீட்டுல இருக்கேனா இல்லையான்னு அந்தாளுக்குத் தெரியல. செத்துப்போனவ மாதிரி இருக்குது."

நான் செருப்பு விற்கிறவன், வைத்தியனில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாரும்மா" என்றேன்.

போனார்கள். பஸ்ஸில் போனதுதான் பெரும்பாடு. பஸ் கிளம்பினால் பஸ் முன்னால் போகும், பூங்காவனம் நின்ற இடத்திலேயே நிற்பாள், பின்கண்ணாடி வந்து அவள் முதுகில் இடிக்கும், அதனால் துரைக்கண்ணு அவள் முந்தானையைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தான். தாலுகா ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஹசீனா சின்னப் பொண்ணு. பூங்காவனம் உட்காரக்கூட வேண்டியிருக்கவில்லை, டாக்டர்தான் குனிந்து கீழேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது ஆணி இல்லம்மா, மரு. கிருமியால வர்றது. இந்தக் கறுப்பெல்லாம் உறைஞ்ச ரத்தம், அவ்வளவுதான்."

"நான் மிதக்கிறனே டாக்டரம்மா?"

"மிதக்கிறது என் டிபார்ட்மெண்ட் இல்ல. மரு என் டிபார்ட்மெண்ட்."

டாக்டர் சொன்னதை எல்லாம் துரைக்கண்ணு திரும்பி வந்ததும் மறந்துவிடக்கூடாது என்று என் கடை வாசலில் நின்று சத்தமாக ஒப்பித்தான், அதுதான் வினை. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஊற வைக்கணும், செத்த தோலை மெதுவாகத் தேய்த்து எடுக்கணும், ஆசிட் மருந்தை மருமேல் மட்டும் தொட்டு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டணும், மாசக்கணக்கில் ஆகும், பாதியில் நிறுத்தினால் மறுபடியும் முளைக்கும். இதெல்லாம் செய்ய வேண்டியது. செய்யக் கூடாதது: ஊருக்கு ஒரு கல்லில் கால் தேய்க்கக் கூடாது, அடுத்தவர் கால் துடைத்த துண்டில் துடைக்கக் கூடாது, பல பேர் நிற்கிற ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது, மருவைக் கிள்ளவோ சீவவோ கூடாது.

ஊர் இதைக் காதால் கேட்டது. முதல் பாதியை விட்டுவிட்டது. இரண்டாம் பாதியில், ஓஹோ, இப்படியெல்லாம் செய்தால்தான் வருமா என்று புரிந்துகொண்டது. மிதக்க யாருக்குத்தான் ஆசை இல்லை? மறுநாளே தொட்டியடியில் கூட்டம். களத்தில் கால் வைத்தே அறியாத பெரிய வீட்டு மனுஷிகள் வந்து அந்தக் கருங்கல் சில்லை வாங்கித் தேய்தேய் என்று தேய்த்தார்கள். ஜெயவேலு கல்லைப் பீரோவில் வைத்துப் பூட்டப் பார்த்தார், நாகப்பன் அது கோயில் சொத்து என்று தூக்கிக்கொண்டு போய் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கோயில் மடைப்பள்ளிப் பக்கத்தில் ஈரமான இடமாகப் பார்த்து வைத்தார். வருகிறவர்கள் கும்பிட்டார்கள், தேய்த்தார்கள், ஒரே துண்டில் துடைத்தார்கள், ஒரே தண்ணீரில் நின்றார்கள். வெறுங்காலோடு நடந்தால் சீக்கிரம் வரும் என்று எவனோ கிளப்பிவிட்டான் பாருங்கள், அவன் மட்டும் என் கையில் கிடைத்தால்! அந்த மாசம் என் கடையில் போணி ஆன நாட்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்.

பங்குனிக்குள் ஊரில் பாதிக்கு மேல் மரு வந்துவிட்டது. நாகப்பனுக்கு இரண்டு காலிலும். ஜெயவேலுவுக்குப் பெருவிரலடியில் நல்ல கொழுத்ததாக ஒன்று. ஒருவராவது மிதக்கணுமே? ஒரு விரல்? ஒரு நூல்? தினம் காலையில் படுக்கையிலிருந்து இறங்கும்போது ஒரு காலைத் தூக்கி, இன்னொன்றையும் தூக்கிப் பார்த்து, தொபுக்கடீர் என்று விழுகிற சத்தம் தெருத்தெருவாகக் கேட்டது. அப்புறம் எல்லோரும் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கிறபோது பூங்காவனம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு காலை ஊற வைத்தாள். தனக்கென்று ஒரு கல் வாங்கினாள், தனக்கென்று ஒரு துண்டு. ஆசிட் மருந்தைக் குச்சியால் தொட்டு வைத்தாள், பிளாஸ்திரி ஒட்டினாள், பிரித்தாள், வெள்ளையாக ஊறிய தோலைத் தேய்த்தாள், மறுபடி தொட்டு வைத்தாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. சலித்துப்போய் அழுதாள், அழுதுகொண்டே வைத்தாள். சித்திரையில் ஒருநாள் இடது காலில் ஒன்று உதிர்ந்தது, அன்றைக்கு அவள் மூன்று விரல் உயரத்துக்கு இறங்கினாள். வைகாசியில் இரண்டு விரல். வெளியே தெரியாமல் இருக்கச் சேலையை இறக்கிக் கட்டிக்கொண்டாள். என்னிடம் மட்டும் கண்ணைக் காட்டிச் சிரிப்பாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், காலைத் தரையில் வைக்கணும், வைத்தால் சத்தம் கேட்கணும்.

ஆடியில் தீமிதி. இந்த வருஷம் தாயிதான் எல்லோருக்கும் முன்னால் குண்டத்தில் இறங்குவாள், நெருப்பின்மேல் கால் படாமல் போவாள் என்று நாகப்பன் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மைக் வைத்துச் சொல்லியாகிவிட்டது. ஜெயவேலு அரிசி மூட்டையில் அவள் படத்தைப் போட்டு, 'பாதம் படாத பச்சரிசி' என்று அச்சடித்திருந்தார். அவர் மில்லில் அவிப்பதெல்லாம் புழுங்கலரிசி என்பது வேறு விஷயம். இந்த நேரத்தில்தான் யாரோ அவள் சேலைக்கரை புழுதியில் புரள்கிறதைப் பார்த்துவிட்டார்கள். இரண்டு பெரிய மனுஷர்களும் நொண்டிக்கொண்டே என் கடைக்கு வந்தார்கள். பூங்காவனம் அப்போதுதான் சோறு கொண்டு வந்திருந்தாள்.

"தாயி, நீ இறங்கிட்டு வர்றியாமே?" என்றார் நாகப்பன்.

"ஆமாங்க. இன்னும் ஒரு விரல்தான்."

"திருவிழா முடியட்டும் தாயி. அதுவரைக்கும் மருந்த நிறுத்திடு. ஊரு மானம்."

"நிறுத்துனா மறுபடியும் முளைக்கும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"முளைக்கட்டுமே, நல்லதுதான!" என்றார் ஜெயவேலு, பெருவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "எங்களுக்கெல்லாம் முளைச்சும் ஒரு பிரயோஜனமில்லயே."

அவள் புருஷனைப் பார்த்தாள். துரைக்கண்ணு சுவரைப் பார்த்தான். கோயில் கொடித்துணி தைக்கிற வேலை அவனிடம்தான் இருந்தது.

"கொஞ்ச நாள்தான பூங்கா. பெரியவங்க சொல்றாங்க" என்றான்.

அவள் சோற்று வாளியை வைத்துவிட்டுப் போனாள், போன சத்தமும் கேட்கவில்லை. துரைக்கண்ணுவிடம் "ஏன்டா, நீயெல்லாம் ஒரு புருஷனா?" என்று கேட்டேவிட்டேன். அவன் பெடலை வேகமாக மிதித்தான். ஆனால் பூங்காவனம் வீட்டு ஜன்னல் வழியாக மருந்து வாசனை அன்றைக்கும் வந்தது, அடுத்த நாளும் வந்தது.

தீமிதி அன்றைக்குச் சாயங்காலம் மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. கோயிலுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி என்னிடம் விட்டுவிட்டுப் போகிறது வழக்கம், கடை முழுக்க ஊர்ப்பட்ட செருப்பு. துரைக்கண்ணு பார்க்க வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். எதைத் தைத்தான் என்று தெரியாது, நூல் கோக்காத மெஷினைத்தான் ஓட்டினான் என்று நினைக்கிறேன்.

மஞ்சள் சேலையில் பூங்காவனம் வந்து குண்டத்துக்கு முன்னால் நின்றாள். பின்னால் காப்புக் கட்டிய கூட்டம், எல்லோரும் மருக்காலோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார்கள். "கோவிந்தா! கோவிந்தா!" என்று சத்தம் வானத்தைப் பிளந்தது. அவள் இறங்கினாள். முதல் அடி, தணலுக்கு ஒரு நூல் மேலே. இரண்டாவது அடி, அதுவும் அப்படியே. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நடுக்குண்டத்தில் அவள் நின்றாள், நிற்கிற இடமா அது, நின்றாள், கீழே பார்த்தாள், அப்புறம் யாரோ கையை விட்ட மாதிரி அந்த ஒரு நூலும் இறங்கி, இரண்டு பாதமும் பொத்தென்று நெருப்பில் பட்டன.

"எம்மா, சுடுதே! ஐயோ, சுடுதுடீ!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே ஓடினாள். ஓடிக்கொண்டே சிரித்தாள். ஒவ்வொரு அடிக்கும் தணல் நொறுங்கும் சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை ஏன் மறைக்கணும்?

குண்டத்துக்கு அந்தப் பக்கம் பால்குழி. எல்லோரும் அதில் இறங்கிக் காலை ஆற்றிக்கொள்வார்கள். "தாயி, பால்ல இறங்கு!" என்று நாகப்பன் அலறினார்.

"ஊரு காலு மொத்தமும் அதுல இறங்கப் போவுது, நான் மாட்டேன்!" என்று ஒரே தாவாகத் தாண்டிவிட்டாள்.

ஊர் அப்புறம் என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் அதற்கு இடமில்லை. அம்மன் அவளை விட்டு இறங்கிவிட்டாள், அவள் செய்த குற்றம்தான் காரணம் என்று அன்றைக்கே தீர்மானம் ஆனது. என்ன குற்றம் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தீமிதித்தவர்கள் எல்லோரும் பால்குழியில் இறங்கினார்கள், மரு வராமல் தப்பித்திருந்தவர்களுக்கும் அடுத்த மாசம் வந்தது. இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் தாலுகா ஆஸ்பத்திரி பஸ்ஸில் நிற்க இடமில்லை, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நாகப்பனும் போகிறார். கல் இன்னும் கோயிலில்தான் இருக்கிறது, அதற்கு இப்போது வெள்ளிக் கவசம்.

அதை விடுங்கள். பூங்காவனம் மைதானத்திலிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது, யாரும் கும்பிடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் காட்டினாள். பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். சாம்பல் போனதும் பார்த்தேன். அங்கங்கே சிவந்திருந்தது, குதிகாலில் ஒரு கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது, மரு மட்டும் ஒன்றுகூட இல்லை.

"எரியுதாம்மா?"

"நல்லா எரியுதுண்ணே" என்றாள், ஏதோ பலகாரம் சாப்பிட்ட மாதிரி. "ஒரு செருப்பு குடு. களத்துல கூட இனிமே செருப்போடதான் நெல்லு கிளறப் போறேன், முதலாளி இன்னா வேணா சொல்லட்டும்."

பழைய அளவில், கொஞ்சம் தளர்வாக, ஒரு ரப்பர் செருப்பு எடுத்துக் கொடுத்தேன். பணம் பேசவில்லை. போட்டுக்கொண்டு எழுந்தாள். என் ஸ்டூலுக்கும் துரைக்கண்ணுவின் மெஷினுக்கும் நாலெட்டுதான் தூரம், அவள் அந்த வழியே போகவில்லை. தெருவில் இறங்கினாள். தெருமுனை வரைக்கும் எரிகிற காலோடு தாங்கித் தாங்கிப் போய், அங்கேயிருந்து திரும்பி, மதியச் சோறு கொண்டு வருகிற மாதிரி நடந்து வந்தாள்.

சளப். சளப். சளப்.

மைதானத்தில் கோவிந்தா சத்தம் இன்னும் ஓயவில்லை, மேளம் வேறு. ஆனாலும் துரைக்கண்ணுவின் மெஷின் நின்றது. அவன் முதுகு விறைத்தது. திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே இருந்தான், தோள் மட்டும் குலுங்கியது.

"வந்துட்டியா?" என்றான்.

"வந்துட்டேன்" என்றாள் பூங்காவனம்.